கொக்கியைப் பார்த்துக் குடும்பம் சொல்வது

மீன் வாங்குகிறவர்கள் செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பது சிவப்பாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். சிவப்பு இருந்தால் மீன் புதுசு. அந்தச் சிவப்புக்கு நடுவே, செவுள் இழைகளோடு இழையாக, பழுப்பும் சாம்பலும் கலந்த ஒன்றிரண்டு சிறு துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை. வஞ்சிரத்தில் அடிக்கடி இருக்கும். செவுளோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போய்விடும். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காக்களிடம் நான் கேட்டு வாங்குவது அந்தக் கூடையில் விழுவதைத்தான். "செவுள வச்சு என்ன தம்பி பண்ணுவ?" என்று கேட்டவர்கள், இப்போது நான் வரும் நாளில் தனியாகப் பையில் போட்டு வைக்கிறார்கள்.

அந்தத் துணுக்கு ஒரு தட்டைப்புழு. மோனோஜீனியா என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. நாடாப்புழுவுக்கும் ஈரல் புழுவுக்கும் உறவு, ஆனால் வாழ்க்கை அவற்றைவிட நேரடியானது. பெரும்பாலானவற்றில் முட்டை தண்ணீரில் விழும், அதிலிருந்து மெல்லிய மயிரிழைகளால் நீந்தும் குட்டி வெளிவரும், அதே வகை மீனைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். நத்தை, பன்றி என்று இடையில் வேறு விலங்கு எதுவும் வேண்டாம். மனிதனை இவை தொற்றுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மீன் குழம்பை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை.

இந்தப் புழுக்களை இனம் பிரிப்பது எப்படி என்பதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏனென்றால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நாம் இவற்றை அடையாளம் காண்பது பெரும்பாலும் பின்பக்கத்தை வைத்து. மீனைப் பற்றிக்கொள்ளும் உறுப்பு அங்கேதான் இருக்கிறது. கொக்கி, கொக்கிகளை இணைக்கும் சட்டம், கவ்வி என்று கெட்டியான பாகங்கள் எல்லாம் அதில்தான். மெத்தென்ற உடல் சுருங்கும், விரியும், கண்ணாடித் தகட்டில் நசுங்கும். கொக்கி அப்படியே நிற்கும். அதனால் இருநூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் கொக்கியை வரைந்து, அளந்து, அதைக்கொண்டே குடும்பம் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் கொக்கி என்பது புழு தங்கும் இடத்துக்குத் தக்கபடி உருவான கருவியும்கூட. ஆக, அது காட்டுவது பரம்பரையையா, தங்கும் இடத்தையா? இந்தத் துறையின் சண்டைகளில் பாதி இதிலிருந்து வந்தவை.

வஞ்சிரத்துப் புழுவையே எடுத்துக்கொள்வோம். அதில் கிடைக்கும் ஒன்று ப்ரைசியா மல்ட்டே. 1945-இல் சௌஹான் பெயர் வைத்தது. செவுளைக் கடல்நீரில் அலசி, உருப்பெருக்கியின் கீழே வைத்து, மெல்லிய ஊசியால் இழைகளை விலக்கினால் அது நகர்வது தெரியும். முன்பக்கம் மட்டும் நீண்டு சுருங்கி அங்குமிங்கும் தேடும், பின்பக்கம் அசையாது. உடம்பு ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, அதனுள் குடல் இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் கிளை கிளையாகக் கறுத்துத் தெரியும். அந்தக் கறுப்பு மீனின் இரத்தம் செரித்து மிஞ்சிய கழிவு. பின்பகுதியின் ஓரத்தில் வரிசையாகக் கவ்விகள். ஒவ்வொன்றும் துணி காயப்போடும் கிளிப் மாதிரி இரண்டு தாடைகளால் செவுளின் நுண் இதழைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிய்த்து எடுக்க நினைத்தால் புழுதான் அறுந்துபோகும். செவுளையே வெதுவெதுப்பான நீரில் விட்டுத் தளரச் செய்தால்தான் முழுசாக வரும்.

அப்புறம், கெண்டை இன மீன் ஒன்றின் செவுளை எடுத்துப் பாருங்கள். அங்கே இருப்பது வேறு ஜாதி. ஒரு மில்லிமீட்டரும் தேறாத டாக்டைலோகைரஸ். கவ்வி கிடையாது. பின்னால் வட்டமான ஒரு தட்டு, அதன் நடுவில் ஒரு ஜோடி பெரிய கொக்கி, ஓரத்தைச் சுற்றி 14 குட்டிக் கொக்கிகள். முன்பக்கம் நான்கு கரும்புள்ளிகளாகக் கண்கள். இது இரத்தம் குடிப்பதை நம்பி வாழ்வதில்லை. செவுளின் மேல்தோலையும் கோழையையும் அரித்துத் தின்னும். குடலில் அந்தக் கறுப்பு இல்லை.

கவ்வி உள்ள இரத்தக் குடியர்கள் ஒரு பக்கம், தட்டில் கொக்கி வைத்துத் தோலைத் தின்பவை இன்னொரு பக்கம். இந்தப் பிரிவை 1912-இலேயே ஓட்னர் செய்துவிட்டார்: பாலியோபிஸ்தோகோட்டிலியா, மோனோபிஸ்தோகோட்டிலியா. பெயர்கள் நாக்கில் சிக்கினாலும் பிரிவு இன்றுவரை நிலைத்திருக்கிறது. அவை இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தானா என்பதில்தான் பிரச்சினை. அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இவற்றைப் பார்த்தவர்கள் அட்டை என்றே நினைத்தார்கள். ஹாலிபட் என்னும் பெரிய தட்டை மீனில் ஒட்டியிருந்த ஒன்றை 1776-இல் டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் அட்டைகளின் பேரினமான ஹிருடோவில் சேர்த்தார். 1794-இல் ஆபில்கார்ட் ஸ்டர்ஜன் மீனில் கண்ட புழுவுக்கும் ஹிருடோ ஸ்டூரியோனிஸ் என்றுதான் பெயர் வைத்தார். இன்று நிட்ஷியா ஸ்டூரியோனிஸ். இரண்டும் பெரிய புழுக்கள், வெறும் கண்ணுக்கே தெரியும், பின்னால் உறிஞ்சி போன்ற தட்டு இருக்கும். அட்டை என்று நினைத்ததில் வியப்பில்லை. பிறகு ஈரல் புழுக்களோடு சேர்த்தார்கள். 1858-இல் பெல்ஜியத்தின் வான் பெனடன் வாழ்க்கைச் சுழற்சியை வைத்து இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார்: ஒரே மீனில் வாழ்வை முடிப்பவை ஒரு பக்கம், விலங்கு விட்டு விலங்கு மாறுபவை மறுபக்கம். என்றாலும் ஈரல் புழு வகுப்பின் ஒரு கிளையாகவே இவை நீண்ட காலம் நின்றன.

அதை உடைத்தவர் லெனின்கிராட் விலங்கியல் நிறுவனத்தின் போரிஸ் பைகோவ்ஸ்கி. 1937-இல் இவற்றுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்றார், 1957-இல் ஒரு பெரிய நூலில் அதை நிறுவினார். அவர் பார்த்தது முதிர்ந்த புழுவை மட்டுமல்ல, குட்டியையும். நீந்தும் குட்டியின் பின்முனையில் வரிசையாகக் குட்டிக் கொக்கிகள் இருக்கின்றன. நாடாப்புழுவின் முட்டைக்குள் இருக்கும் குட்டிக்கும் கொக்கிகள் உண்டு, பெரும்பாலும் ஆறு. ஈரல் புழுக் குட்டிக்கு அப்படி எதுவும் இல்லை. அப்படியானால் இவை நாடாப்புழுவுக்குத்தான் நெருக்கம் என்பது அவருடைய வாதம். எனக்கு இந்த வாதம் பிடிக்கும். அது பிறகு எப்படிப் போயிற்று என்பது வேறு. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தேடிப் பார்த்தவர் அவர். முதிர்ந்த புழுவின் கொக்கி செவுளுக்குத் தக்க மாறலாம், முட்டையிலிருந்து வந்தவுடன் இருக்கும் கொக்கியில் பரம்பரை இன்னும் தெளிவாக நிற்கும் என்று அவர் நம்பினார். அந்தக் குட்டிக்கு ஆன்கோமிராசிடியம் என்ற பெயரை 1957-இல் கொடுத்தவர் இங்கிலாந்தின் லெவெலின்.

நிட்ஷியா ஸ்டூரியோனிஸ் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. 1930களில் காஸ்பியன் கடலிலிருந்து ஏரல் கடலுக்கு ஒரு வகை ஸ்டர்ஜன் மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். கூடவே செவுளில் இந்தப் புழுவும் போயிற்று. காஸ்பியன் மீன்கள் அதோடு பழகியவை. ஏரலில் ஏற்கெனவே இருந்த இன்னொரு ஸ்டர்ஜன் அதை அறியாதது. 1936-இல் அந்த மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பைகோவ்ஸ்கியின் ஆசிரியரான தோகியேல்தான் லுட்டாவுடன் சேர்ந்து அதை ஆராய்ந்து எழுதினார். மீனை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் செவுளையும் சேர்த்தே இடம் மாற்றுகிறோம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு டிப்ளோசூனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1832-இல் நார்ட்மான், பிரீம் என்னும் ஐரோப்பிய நன்னீர் மீனின் செவுளில் எக்ஸ் எழுத்து வடிவில் ஒரு புழுவைக் கண்டார். இரண்டு தலை, இரண்டு வால், நடுவில் ஒட்டு. டிப்ளோசூன் பாரடாக்ஸம் என்று பெயரிட்டார். 1845-இல் துஜார்டின் மீன் செவுளிலேயே சின்னஞ்சிறு ஒற்றைப் புழு ஒன்றைக் கண்டு, அது வேறு என்று டிப்போர்பா என்ற புதுப் பேரினத்தை உண்டாக்கினார். 1851-இல் ஸீபோல்ட் உண்மையைக் கண்டார். இரண்டு டிப்போர்பாக்கள் சேர்ந்ததுதான் ஒரு டிப்ளோசூன்.

ஒவ்வொரு டிப்போர்பாவுக்கும் வயிற்றுப் பக்கம் ஒரு சிறு உறிஞ்சியும் முதுகில் ஒரு சிறு முண்டும் இருக்கின்றன. ஒன்று தன் உறிஞ்சியால் மற்றதன் முதுகு முண்டைப் பிடிக்கும். பிடிபட்டது உடம்பை முறுக்கித் திரும்பி, பிடித்ததன் முண்டைத் தானும் பிடிக்கும். அப்படிக் குறுக்காக நின்றபடியே இரண்டின் சதையும் ஒன்றாகிவிடும். இனப்பெருக்கக் குழாய்களும் இணைந்துவிடும். பிறகு சாகும்வரை பிரிவதில்லை. துணை கிடைக்காத டிப்போர்பா முதிர்வதே இல்லை. வகைப்பாட்டில் இரண்டு பேரினமாக எழுதி வைத்தவை ஒரே உயிரின் இரண்டு வயது. காஷ்மீரின் மலை ஓடை மீன்களிலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. 1950-இல் கௌ விவரித்தது.

தங்குமிடம் உடம்பை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதைக் காட்டியவர் அதே லெவெலின். பிளிமத் பக்கத்துக் கடல் மீன்களின் செவுள்களை அலசி அவர் 1956-இல் எழுதிய கட்டுரையை இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். புழு செவுளில் எங்கே வேண்டுமானாலும் ஒட்டுவதில்லை. எந்தச் செவுள் வளைவு, எந்தப் பக்கம், நீர் எந்தத் திசையில் வருகிறது என்பதெல்லாம் கணக்கு. ஹார்ஸ் மேக்கரல் மீனில் இருக்கும் காஸ்ட்ரோகோட்டைல் ட்ராச்சுரியில் கவ்விகள் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும்தான். மற்றப் பக்கம் வெறுமை. செவுளின் எந்த முகத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கேற்ப இடப்பக்கக் கவ்வியோ வலப்பக்கக் கவ்வியோ வளரும். நீரோட்டத்தில் சாய்ந்து நிற்க அதுதான் வசதி. இதைத் தெரியாமல் இரண்டு புழுக்களை அருகருகே வரைந்தால், இரண்டு இனம் என்று ஒருவர் சத்தியம் செய்வார். கவ்வியின் எண்ணிக்கையைப் பார்த்துப் புதுக் குடும்பம் அமைப்பதற்கு முன்னால் அது எந்த மீனில், செவுளின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறார்களா என்று நான் தேடுவது இதனால்தான். பழைய விவரிப்புகளில் பலவற்றில் இருக்காது.

டாக்டைலோகைரஸ் பேரினத்தில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட இனப்பெயர்கள் இருக்கின்றன. ஒரே கெண்டையின் செவுளில் பல இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது கொக்கியின் வேர் நீளம், இரண்டு கொக்கிகளை இணைக்கும் சட்டத்தின் வளைவு, ஆண் புணர்ச்சி உறுப்பின் சுருள் ஆகியவற்றை வைத்து. எல்லாம் மைக்ரான் கணக்கு. புழுவை அம்மோனியம் பிக்ரேட் கலந்த கிளிசரினில் போட்டுக் கண்ணாடியால் அழுத்தினால் சதை தெளிந்து கெட்டிப் பாகங்கள் மட்டும் பளிச்சென்று நிற்கும். பொறுமை வேண்டிய வேலை. மூடுகண்ணாடி கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் கொக்கி திரும்பிவிடும், அளவு மாறிவிடும்.

இவ்வளவு நுணுக்கம் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொளத்தூரைக் காட்டுவேன். சென்னையில் வண்ணமீன் தொழில் அங்கேதான் நடக்கிறது. அங்கே கோல்டு ஃபிஷ் வளர்க்கும் ஒரு அண்ணன், மருந்து போட்டதும் மீன் தெளிந்துவிடுகிறது, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடியும் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து நிற்கிறது என்று புலம்பினார். மருந்து கலப்படம் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஒரு மீனின் செவுள் இழையை எடுத்துத் தகட்டில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன்.

"நாலு கறுப்புப் புள்ளி தெரியுதா அண்ணே?"

"தெரியுது சார்."

"அது கண்ணு. இந்த ஜாதி முட்டை போடும். உங்க மருந்து புழுவைக் கொல்லும், முட்டைய ஒண்ணும் பண்ணாது."

"அப்ப மருந்துல கோளாறு இல்லையா?"

"இல்லண்ணே. முட்டை பொரிச்சு வர்ற குட்டி பெருசாகி மறுபடி முட்டை போடறதுக்குள்ள இன்னொரு வாட்டி போடணும். அவ்வளவுதான்."

கண் இல்லாமல், வயிற்றுக்குள் குட்டியும், அந்தக் குட்டிக்குள் இன்னொரு குட்டியும் தெரிந்திருந்தால் அது கைரோடாக்டைலஸ். அது குட்டி போடும் இனம், முட்டைச் சிக்கலே இல்லை. ஒரு தடவை சரியாக மருந்திட்டால் பெரும்பாலும் போதும். அவருடைய தொட்டியில் டாக்டைலோகைரஸ்தான். முட்டையா குட்டியா என்ற இந்த ஒரு பிரிவு தெரிந்ததும் அவர் பாட்டுக்கு நாள் கணக்கு வைத்துக்கொண்டார்.

கைரோடாக்டைலஸ் என்றதும் நார்வே ஞாபகம் வரும். 1957-இல் மால்ம்பெர்க் ஸ்வீடனில் விவரித்த கைரோடாக்டைலஸ் சாலாரிஸ், 1970களில் நார்வேக்குள் நுழைந்து பல ஆறுகளில் சால்மன் குஞ்சுகளைத் துடைத்துப் போட்டது. இது செவுளைவிடத் தோலிலும் துடுப்பிலும் வாழ்வது. அதை ஒழிக்க ஆற்றில் ரோட்டினோன் கலந்து மீன்களையே கொன்றார்கள். பிரச்சினை என்னவென்றால், கிரேலிங் மீனில் வாழும் கைரோடாக்டைலஸ் திமல்லியும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதேதான். மரபணுவை ஒப்பிட்டவர்களில் சிலர் இரண்டும் ஒரே இனம் என்றார்கள். ஆனால் கிரேலிங்கில் இருப்பது சால்மனைக் கொல்வதில்லை. ஒரே இனம் என்று பெயரைச் சேர்த்தால் நோயில்லாத ஆறும் நோயாறாகிவிடும். பிரித்து வைத்தால் ஆபத்தான ஒன்று நழுவிவிடலாம். கொக்கியின் வளைவில் சில மைக்ரான் வித்தியாசத்தின் மேல் ஓர் ஆற்றின் தலைவிதி நிற்கிறது.

நம் ஏரிகளிலும் ஏரல் கடலின் கதை சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. திலாப்பியா 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. இன்று ஜிலேபி என்று கூவி விற்காத ஊர் இல்லை. அதன் செவுளில் இருக்கும் சிக்லிடோகைரஸ் ஆப்பிரிக்கப் பக்கத்துப் புழு. உலகில் திலாப்பியா போன இடங்களில் பலவற்றுக்கு இதுவும் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் மட்டும் திலாப்பியாவின் குடும்பமான சிக்லிட் மீன்களோடு சேர்ந்து இந்தப் பேரினம் எத்தனையோ இனங்களாகப் பிரிந்திருக்கிறது. ஆழத்தில் வாழும் ஒரு மீனிலிருந்து எடுத்த ஒன்றுக்கு 2016-இல் டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள்.

நமக்கென்று சொந்தமான சிக்லிட்டும் உண்டு, மலையாளிகள் கரிமீன் என்று கொண்டாடும் எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ். அதன் செவுளிலும் புழு உண்டு. ரஷ்யாவின் குஸேவ் 1963-இல் இலங்கையிலிருந்து விவரித்து, சிலோனோட்ரீமா கொலம்பென்ஸ் என்று கொழும்பின் பெயரையே வைத்தார். கரிமீனின் நெருங்கிய சொந்தங்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. புழுக்களின் சொந்தங்களும் அங்கே இருக்குமா என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஜிலேபியும் கரிமீனும் ஒரே உப்பங்கழியில் வாழும்போது புழுக்கள் இடம் மாறுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பதில் தேட முதலில் எது எந்தப் புழு என்று தெரிந்தாக வேண்டும்.

சரி, தள்ளிப்போட்ட கேள்விக்கு வருகிறேன். இரத்தக் குடியரும் தோல் தின்பவரும் ஒரே குடும்பமா? 1990களிலிருந்தே ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டவர்களுக்குச் சந்தேகம். இரண்டு கூட்டங்களும் தனித்தனியே சேர்ந்து நின்றன, ஆனால் ஒன்றோடொன்று சேர மறுத்தன. 2023-இல் செக் நாட்டின் பிராபெக்கும் சகாக்களும் ஏராளமான மரபணுக்களைச் சேர்த்து ஆராய்ந்து, மோனோஜீனியா என்ற ஒற்றை வகுப்பையே கலைத்துவிட்டு, மோனோபிஸ்தோகோட்டிலா, பாலியோபிஸ்தோகோட்டிலா என்று இரண்டு தனி வகுப்புகளாக வைக்க வேண்டும் என்றார்கள். 1912-இல் ஓட்னர் வெறும் உருப்பெருக்கியில் போட்ட கோடு அப்படியே நிற்கிறது. அதற்கு மேலே 1937-இல் கட்டிய கூரைதான் போய்விட்டது. பைகோவ்ஸ்கியின் குட்டிக் கொக்கி வாதமும் அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. கொக்கியோடு பிறப்பது இவற்றுக்கும் நாடாப்புழுவுக்கும் மட்டும் வந்த புதுச்சொத்து இல்லை போலும். பழைய மூதாதையிடமே இருந்து, ஈரல் புழுக்கள் இழந்திருக்கலாம். இது என் ஊகம் மட்டுமல்ல, பலர் சொல்வது.

அதனால் மரபணுவே எல்லாம் என்று ஆகிவிடவில்லை. மரபணு வரிசையை எடுத்துத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால், ஒப்பிட அங்கே பெயரோடு ஒரு வரிசை இருக்க வேண்டும். நம் பக்கத்தில்தான் அது இல்லை. 1940களிலிருந்து சென்னையில் சுபப்பிரதா, ராமலிங்கம், திருவனந்தபுரத்தில் உண்ணித்தான், வடக்கே சௌஹான், திரிபாதி என்று எத்தனையோ பேர் உழைத்து விவரித்த இனங்கள். குஸேவ் 1970களில் இந்திய நன்னீர்ப் புழுக்களை மொத்தமாக எடுத்து ஒழுங்கு செய்தார். என்றாலும் ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுதிய இனங்கள், பெயர் வைக்க ஆதாரமான மூல மாதிரி எந்த அருங்காட்சியகத்திலும் வைக்கப்படாத இனங்கள், படத்தில் கொக்கியின் அளவுகோலே இல்லாத இனங்கள் நிறைய. அவை காகிதத்தில் மட்டும் வாழ்கின்றன.

மறுபடியும் தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொடுவா மீன் ஒரு சாட்சி. அதன் செவுளிலிருந்து திரிபாதி 1957-இல் டிப்ளெக்டானம் லாட்டெசி என்று விவரித்தார். 2006-இல் யாங், கிரிட்ஸ்கி முதலானோர் அதைப் புதிதாக ஆராய்ந்து, டிப்ளெக்டானத்தில் சேராது என்று லாட்டிகோலா என்ற புதுப் பேரினமே அமைத்தார்கள். இன்று கொடுவாப் பண்ணைகளில் செவுள் புழு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் லாட்டிகோலாவும் ஒன்று. திரிபாதியின் பழைய விவரிப்பு இல்லாமல் அது நடந்திருக்காது, புதிய மாதிரி இல்லாமலும் நடந்திருக்காது.

ஆகவே இப்போது நாங்கள் செய்வது இதுதான். பழைய கட்டுரையில் சொன்ன அதே மீனை, முடிந்தால் அதே துறையில் வாங்குகிறோம். செவுள் வளைவுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தனித்தனிக் கிண்ணத்தில் வைக்கிறோம். இடமா வலமா என்று மேலே எழுதுகிறோம். புழு உயிரோடு இருக்கும்போதே படம் எடுக்கிறோம். பிறகு ஊசி முனையால் ஒவ்வொரு புழுவையும் இரண்டாக அறுக்கிறோம். கொக்கி உள்ள பின்பாதி கண்ணாடித் தகட்டுக்கு, முன்பாதி மரபணுவுக்காக ஆல்கஹாலுக்கு. புணர்ச்சி உறுப்பையும் பார்க்க வேண்டும் என்பதால், அதே செவுளிலிருந்து சில புழுக்களை முழுசாகவும் தகட்டில் வைக்கிறோம். தகட்டுக்கும் குப்பிக்கும் ஒரே எண். தகடுகளில் ஒரு பங்கு கொல்கத்தாவின் இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் வைத்திருக்கும் விதி. வஞ்சிரத்தில் ஆரம்பித்திருக்கிறோம், அடுத்தது கரிமீன். பழவேற்காட்டிலோ மண்டபத்திலோ அது வலையில் விழும் இடத்தில் இருப்பவர்கள் யாராவது செவுளை எறியாமல் ஆல்கஹாலில் போட்டு வைக்க முடியுமென்றால் சொல்லுங்கள், குப்பியும் சீட்டும் நான் கொண்டுவந்து தருகிறேன்.